மூன்று ஊரில் ஒரே இருப்புக் கணக்கு: சர்வர்கள் உடன்படுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பனியன் கம்பெனிகளிலும் நூல் மில்களிலும் மண்டிகளிலும் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர்களும் பொறியியல் கல்லூரி மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லா விடைகளுக்கும் உதாரணம் ஒன்றுதான். ஈரோட்டில் ஒரு மஞ்சள் கிடங்கு. அதன் இருப்புக் கணக்கு ஈரோடு, கோவை, சேலம் என மூன்று ஊர்ச் சர்வர்களில் இருக்கிறது. எந்த ஊரிலிருந்து கேட்டாலும் மூட்டை எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு சர்வர் படுத்துவிட்டாலும் விற்பனை நிற்கக் கூடாது. கிடங்கு கற்பனைதான்.

எதற்கு மூன்று சர்வர்? நல்லதாக ஒன்று வாங்கி வைத்தால் போதாதா என்று முதலாளி கேட்கிறார்.

பல இடங்களில் போதும். ஒரு மணி நேரம் கணினி இல்லாவிட்டால் கையால் பில் எழுதிச் சமாளிக்கலாம் என்ற நிலையில் இருக்கும் கடைக்கு ஒரு சர்வர், நல்ல யுபிஎஸ், தினமும் வேறு கட்டடத்துக்குப் போகும் பேக்கப், அந்தப் பேக்கப்பை அவ்வப்போது திருப்பி ஏற்றிப் பார்க்கும் பழக்கம் ஆகியவையே தாராளம். மூன்று சர்வர் வைத்தால் செலவோடு புதுவிதப் பழுதுகளும் சேர்ந்து வரும். முதலாளி கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்ல முடியாவிட்டால் வாங்க வேண்டாம்.

முதல் சர்வரில் எழுதுவதை மற்றவற்றுக்கு நகல் அனுப்புகிறோம். அதுவே உடன்பாடு ஆகாதா?

ஆகாது. ஈரோட்டுச் சர்வர் 100 மூட்டை விற்றதாக எழுதி, வாங்கியவருக்கு ரசீதும் கொடுத்துவிட்டது. கோவைக்கு நகல் போவதற்குள் மின்சாரம் போய்விட்டது. கோவைச் சர்வர் பொறுப்பை ஏற்கிறது. அதன் கணக்கில் அந்த 100 மூட்டையும் கிடங்கிலேயே இருப்பதால் வேறொருவருக்கு விற்றுவிடுகிறது. ஈரோடு மறுபடி உயிர் பெறும்போது ஒரே சரக்குக்கு இரண்டு ரசீதுகள் நிற்கின்றன.

இதற்கு மாற்று, கணக்கின் நகலைவிடக் கட்டளைகளின் வரிசையைக் காப்பது. ஒரே நிலையில் தொடங்கிய மூன்று சர்வர்கள், ஒரே கட்டளைகளை ஒரே வரிசையில் நிறைவேற்றினால் ஒரே நிலையில்தான் முடியும். இந்தக் கருத்தைக் கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் 1978-இல் எழுதிய கட்டுரையில் காணலாம். ஆகவே முழுச் சிக்கலும் ஒரே கேள்வியாகச் சுருங்குகிறது: லாகில் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைக்கும் பதிவேட்டில்) 57-ஆம் வரியில் எந்தக் கட்டளை? இதற்கு மூன்று சர்வர்களும் ஒரே விடை சொல்ல வேண்டும். ஒருமுறை சொன்ன விடை பிறகு மாறவும் கூடாது.

ஒரு பொறி உண்டு. கட்டளைக்குள் ‘இன்றைய தேதி’ என்று எழுதி, அதை ஒவ்வொரு சர்வரும் தன் கடிகாரத்தைப் பார்த்து நிரப்பிக்கொள்ளும்படி விட்டால், நள்ளிரவை ஒட்டிய ஒரு பதிவு ஒரு ஊரில் நேற்றைக்கும் இன்னொரு ஊரில் இன்றைக்கும் போய்விடும். தேதி, ரேண்டம் எண் போன்றவற்றை முதலிலேயே நிரப்பிவிட்டுத்தான் கட்டளையை லாகில் சேர்க்க வேண்டும்.

செய்தி கிடைத்ததா என்று பதில் வாங்கிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடாதா?

பதில் கிடைத்ததை எதிர்த்தரப்புக்கு யார் உறுதி செய்வது? இரண்டு தளபதிகள் ஒரே நேரத்தில் தாக்க வேண்டும், நடுவில் போகும் தூதன் பிடிபடலாம் என்ற புதிர் 1975-லேயே ஆராயப்பட்டது. 1978-இல் ஜிம் கிரே அதற்குத் தளபதிகள் வேடம் கொடுத்தார். எத்தனை தூதர்களை அனுப்பினாலும் கடைசித் தூதன் போய்ச் சேர்ந்தானா என்ற ஐயம் தீராது. நடைமுறையில் செய்யக்கூடியது ஒன்றுதான். ஒவ்வொரு கட்டளைக்கும் தனி எண் கொடுத்து, பதில் வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்புங்கள். ஒரே எண் இரண்டாம் முறை வந்தால் சர்வர் பழைய விடையையே கொடுக்கட்டும், மூட்டையை மறுபடி கழிக்க வேண்டாம். இந்தச் சிறு வேலையைச் செய்யாமல் பெரிய நெறிமுறைகளை (சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் விதித்தொகுப்புகளை) தேடுபவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

பதில் சொல்லாத சர்வர் செத்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தெரிந்துகொள்ள முடியாது. இந்தத் துறை முழுவதும் இந்த ஒரு இயலாமையின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது என்பது என் கருத்து.

கோவையிலிருந்து பார்க்கும்போது ஈரோடு பேசாமல் இருக்கப் பல காரணங்கள் உண்டு. சர்வர் எரிந்திருக்கலாம். சாலையைத் தோண்டிய ஜேசிபி கேபிளை அறுத்திருக்கலாம். ஹார்ட்டிஸ்க் பழுதாகி ஒவ்வொரு எழுத்துக்கும் பல நொடிகள் எடுக்கலாம். நிரல் தன் நினைவகத்தைத் துப்புரவு செய்வதற்காகச் சற்று உறைந்திருக்கலாம். கோவைக்கு எல்லாமே ஒன்றுபோலத்தான் தெரியும்: பதில் வரவில்லை. ஐந்து நொடி டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் கெடு) வைத்தால் ஆறாவது நொடியில் பதில் வரக்கூடும். ஒரு நிமிடம் வைத்தால், உண்மையிலேயே செத்த நாளில் ஒரு நிமிடம் வியாபாரம் நிற்கும்.

மைக்கேல் ஃபிஷர், நான்சி லிஞ்ச், மைக்கேல் பேட்டர்சன் ஆகிய மூவரும் 1985-இல் வெளியிட்ட நிரூபணம் இதன் ஆழத்தைக் காட்டியது. செய்தித் தாமதத்துக்கு வரம்பே இல்லாத நெட்வொர்க்கில், ஒரே ஒரு சர்வர் செத்துப்போக வாய்ப்பிருந்தாலும், ரேண்டம் தேர்வு இல்லாமல் எப்போதும் முடிவுக்கு வந்தே தீரும் உடன்பாட்டு நெறிமுறை எதுவும் இருக்க முடியாது. மாணவர்கள் இதைப் படித்துவிட்டு உடன்பாடே சாத்தியமில்லை என்று எழுதிவிடுகிறார்கள். நிரூபணம் அப்படிச் சொல்லவில்லை. தவறான முடிவு எடுக்காமல் இருப்பது எப்போதும் சாத்தியம். முடிவு எப்படியும் வந்தே தீரும் என்ற வாக்குறுதியைத்தான் தர முடியாது.

இதைச் சுற்றிப் போக மூன்று பாதைகள் கிடைத்தன. மைக்கேல் பென்-ஓர் 1983-இல் நாணயம் சுண்டுவதுபோல் ரேண்டம் தேர்வைப் புகுத்தினார். சிந்தியா ட்வொர்க், நான்சி லிஞ்ச், லாரி ஸ்டாக்மெயர் ஆகியோர் 1988-இல், நெட்வொர்க் என்றாவது ஒருநாள் சீராகும் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் போதும் என்று காட்டினார்கள். துஷார் சந்திராவும் சாம் டூயெக்கும் 1996-இல், அவ்வப்போது தவறாகச் சந்தேகப்படும் பழுதுகாட்டியை வைத்துக்கொண்டே உடன்பாட்டை எட்டலாம் என்று நிறுவினார்கள். இன்று நாம் பயன்படுத்தும் மென்பொருள்களில் பெரும்பாலானவை இரண்டாம் பாதையில் போகின்றன. நெட்வொர்க் மோசமாக இருக்கும்போது அவை நின்றுவிடும், சீரானதும் தொடரும். நிற்பதைக் குறையாகப் பார்க்காதீர்கள். இரண்டு ரசீது கொடுக்கும் சர்வரைவிட வாய்மூடி நிற்கும் சர்வர் எவ்வளவோ மேல்.

பெரும்பான்மை என்ற எண்ணை ஏன் எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள்?

ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தில் ஐந்து இயக்குநர்கள் என்றால், மூவர் கூடினால்தான் தீர்மானம் செல்லும். அடுத்த கூட்டத்துக்கு வேறு மூவர் வந்தாலும், போன கூட்டத்தில் இருந்த ஒருவராவது அதில் இருந்தே ஆக வேண்டும். அவர் ‘இதை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டோம்’ என்று சொல்லிவிடுவார். சர்வர்களிலும் இதே கணக்குத்தான். மூன்றில் ஒன்று போகலாம், ஐந்தில் இரண்டு போகலாம். நான்கு வைத்தாலும் ஒன்றுதான் போகலாம், ஏனென்றால் நான்கில் பெரும்பான்மை மூன்று. இரட்டைப்படை எண்ணுக்குக் கொடுக்கும் காசு பெரும்பாலும் வீண்.

கோவையில் ஒரு சர்வர் அறை, ஈரோட்டில் ஒரு சர்வர் அறை இருக்கிறது. எது விழுந்தாலும் மற்றது தானாகப் பொறுப்பேற்க வேண்டும். எப்படி அமைப்பது?

இரண்டு இடங்களை மட்டும் வைத்து இதை அமைக்க முடியாது. எந்த விற்பனையாளர் எந்தப் படத்தை வரைந்து காட்டினாலும் முடியாது.

கோவையில் இரண்டும் ஈரோட்டில் ஒன்றும் வைத்தால், ஈரோடு விழுவதைத் தாங்கலாம். கோவை விழுந்தால் மிச்சமுள்ள ஒன்றுக்குப் பெரும்பான்மை இல்லை. இரண்டும் இரண்டும் வைத்தால் எந்தப் பக்கம் விழுந்தாலும் எல்லாம் நிற்கும். ‘நடுவில் உள்ள லைன் அறுந்தால் இரண்டு பக்கமும் தனித்தனியே ஓடட்டும்’ என்று அமைத்தால் பழைய இரண்டு ரசீதுக் கதைதான். மூன்றாவது இடம் வேண்டும். பெரிய இயந்திரம் தேவையில்லை. சேலத்தில் ஒரு சிறிய கணினி ஓட்டுப் போட்டு லாகைச் சேமித்தால் போதும்.

ஆனால் ஒன்றைச் சரிபாருங்கள். சேலத்திலிருந்து ஈரோட்டுக்கு வரும் இணைப்பு கோவை வழியாகச் சுற்றி வருகிறதா? அப்படியானால் கோவை விழும் நாளில் சேலமும் சேர்ந்து காணாமல் போகும். மூன்று ஊர் என்று காகிதத்தில் இருக்கும், உண்மையில் ஒரே ஊர். இரண்டு நிறுவனங்களிடம் லைன் வாங்கியிருக்கிறோம் என்பதும் போதாது; இரண்டும் ஒரே குழிக்குள் ஓடலாம். தடம் எது என்று எழுத்தில் கேளுங்கள்.

வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகிறது. கோவைக்கும் ஈரோட்டுக்கும் இடையே சுமார் 100 கி.மீ. என்றால் போய்வர ஒரு மில்லிநொடி. கேபிள் சுற்றிப் போவதையும் நடுவில் உள்ள கருவிகளையும் சேர்த்தால் கூடும், அவ்வளவுதான். மூன்றில் இரண்டு பதில் வந்தால் போதும் என்பதால் மிக மெதுவான சர்வருக்காக யாரும் காத்திருப்பதும் இல்லை.

ராஃப்ட் எப்படி வேலை செய்கிறது?

ஸ்டான்ஃபோர்டில் டியேகோ ஒங்காரோவும் ஜான் ஆஸ்டர்ஹவுட்டும் 2014-இல் வெளியிட்ட உடன்பாட்டு நெறிமுறை இது. புரிய வேண்டும் என்பதையே முதல் நோக்கமாக வைத்து வடிவமைத்தார்கள், அது தெரிகிறது.

காலம் எண்ணிட்ட பதவிக்காலங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு பதவிக்காலத்தில் அதிகபட்சம் ஒரு லீடர் (தலைமைச் சர்வர்). லீடர் சீரான இடைவெளியில் ‘இருக்கிறேன்’ என்று செய்தி அனுப்பும். அது வராமல் போனால், காத்திருந்த சர்வர் பதவிக்கால எண்ணை ஒன்று கூட்டி, தனக்கு ஓட்டுக் கேட்கும். எல்லோரும் ஒரே கணத்தில் ஓட்டுக் கேட்டால் ஓட்டுச் சிதறும். அதனால் ஒவ்வொரு சர்வரும் காத்திருக்கும் நேரத்தை ரேண்டமாகத் தேர்ந்துகொள்கிறது. மூலக் கட்டுரையில் 150 முதல் 300 மில்லிநொடி. ஊர்விட்டு ஊர் ஓடும் அமைப்பில் இதைவிடத் தாராளமாக வையுங்கள்.

விற்பனைக் கட்டளை லீடரிடம் வரும். லீடர் அதைத் தன் லாகில் எழுதி மற்றவர்களுக்கு அனுப்பும். பெரும்பான்மையினர் ஹார்ட்டிஸ்க்கில் எழுதிவிட்டோம் என்று சொன்ன பிறகே ரசீது வெளியே போகும். நினைவகத்தில் மட்டும் வைத்துக்கொண்டு ‘எழுதிவிட்டேன்’ என்று சொல்லும் சர்வர் இந்தக் கட்டடத்தின் அடிக்கல்லையே உருவுகிறது. வேகம் கூடுகிறது என்று, ஹார்ட்டிஸ்க்கில் எழுதிய பிறகே பதில் சொல்லும் அமைப்பை அணைத்துவைக்க இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளைக் கேட்காதீர்கள்.

லீடர் செத்து வேறொன்று வந்தால் ரசீது கொடுத்த விற்பனை தொலைந்துபோகாதா? போகாது. தன்னைவிடப் பழைய லாகை வைத்திருப்பவருக்கு ஓட்டுப் போடக் கூடாது என்பது விதி. உறுதியான பதிவு பெரும்பான்மையிடம் இருக்கிறது. வெற்றி பெறவும் பெரும்பான்மை வேண்டும். இரண்டு பெரும்பான்மைகளுக்கும் பொதுவான ஒரு சர்வர் இருந்தே தீரும். அந்தப் பதிவு இல்லாத வேட்பாளருக்கு அது ஓட்டுப் போடாது. உறக்கத்திலிருந்து எழுந்த பழைய லீடர் கட்டளை அனுப்பினாலும், அதன் பதவிக்கால எண் சிறியது என்பதால் மற்றவர்கள் தள்ளிவிடுவார்கள்; அது தானாகவே பதவி இறங்கும்.

அப்படியானால் பேக்ஸாஸ் எதற்கு?

அது ராஃப்டுக்கு மூத்த உடன்பாட்டு நெறிமுறை. லாம்போர்ட் ஒரு கிரேக்கத் தீவின் பழங்கால நாடாளுமன்றம் என்ற கற்பனைக் கதையாக இதை எழுதினார். கதை பலருக்குப் பிடிபடவில்லை. கட்டுரை 1998-இல்தான் அச்சேறியது. 2001-இல் கதையை நீக்கி எளிய வடிவம் ஒன்றை எழுதினார். பிரையன் ஓகியும் பார்பரா லிஸ்கோவும் ஏறத்தாழ இதே தீர்வுக்குத் தனியே வந்து 1988-லேயே வெளியிட்டிருந்தார்கள். அவர்களை யாரும் சரியாக நினைவில் வைத்துக்கொள்வதில்லை. கூகுளின் சப்பி என்ற பூட்டுச் சேவை, ஸ்பானர் என்ற டேட்டாபேஸ் ஆகியவை பேக்ஸாஸின் மேல் நிற்கின்றன. முதலில் ராஃப்ட் படியுங்கள், பிறகு இது பாதி வேலைதான்.

டேட்டாபேஸ் பாடத்தில் வரும் இரண்டு கட்ட கமிட்டும் இதுவும் ஒன்றா?

இல்லை. அங்கே ஒருங்கிணைப்பவர் முதல் கட்டத்தில் ‘தயாரா’ என்று எல்லோரையும் கேட்டு, இரண்டாம் கட்டத்தில் ‘செய்’ என்கிறார். அங்கே எல்லோரும் சரி சொல்ல வேண்டும், இங்கே பெரும்பான்மை போதும். கிடங்குக் கணக்கில் மூட்டை குறைவதும் வங்கிக் கணக்கில் பணம் கூடுவதும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்றால் இரண்டு கட்ட கமிட் பொருந்தும். ஆனால் எல்லோரும் சரி சொன்ன பிறகு ஒருங்கிணைப்பவர் செத்துவிட்டால், மற்றவர்கள் அந்தப் பதிவுகளை வேறு யாரும் தொடாதபடி பூட்டிவைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். டேல் ஸ்கீன் 1981-இல் மூன்றாவது கட்டம் ஒன்றைச் சேர்த்தார். நெட்வொர்க் பிளவுபட்டால் அதுவும் கைகொடுக்காது. ஒருங்கிணைப்பவரையே பேக்ஸாஸ் குழுவாக ஆக்கிவிடுவது இன்றைய வழி. ஸ்பானர் செய்வது அதுதான்.

குழுத் தொடர்பு என்று பழைய பாடநூல்களில் ஒரு அத்தியாயமே இருக்கிறது. இப்போதும் தேவையா?

தேவை. அது கேட்ட கேள்விகளைத்தான் நாம் இன்னும் கேட்கிறோம்.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் கென் பர்மன் 1980-களில் உருவாக்கிய ஐசிஸ் அமைப்பிலிருந்து தொடங்குவது நல்லது. நியூயார்க் பங்குச் சந்தையிலும் பிரான்ஸின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டிலும் அது ஓடியது. ஒரு குழுவுக்குச் செய்தி அனுப்பினால் அது யார் யாருக்கு, எந்த வரிசையில் போய்ச் சேரும் என்ற உறுதியை மென்பொருளே தர வேண்டும் என்பது அதன் அடிப்படை.

வரிசையில் தரங்கள் உண்டு. ஒருவர் அனுப்பியவை அனுப்பிய வரிசையிலேயே சேர்வது முதல் தரம். அடுத்தது காரண வரிசை: ‘லாட் 7 விற்பனைக்கு’ என்று ஈரோடு அறிவிக்கிறது, அதைப் பார்த்துக் கோவை ‘நான் எடுத்துக்கொள்கிறேன்’ என்கிறது. சேலத்துக்குக் கோவையின் பதில் முதலில் வந்தாலும், அறிவிப்பு வரும்வரை அதை நிறுத்திவைக்க வேண்டும். இனி, கோவையும் சேலமும் ஒருவர் சொன்னது இன்னொருவருக்குத் தெரியாமல் ஒரே நேரத்தில் லாட் 7-ஐக் கேட்கின்றன. எது முந்தியது என்பதற்குக் காரண வரிசையில் விடை இல்லை. யார் முதல் என்பதில் எல்லா ஊரும் ஒன்றுபட வேண்டும் என்றால் முழு வரிசை வேண்டும். அது உடன்பாட்டுக்குச் சமமான கடினம் உடையது என்பதையும் சந்திரா, டூயெக் கட்டுரை காட்டியது. ஒன்றைச் செய்யத் தெரிந்தால் மற்றதைச் செய்யலாம். காரண வரிசைக்குப் பெரும்பான்மை தேவையில்லை, ஆகவே மலிவானது. தேவைக்கு மேல் வாங்காதீர்கள்.

இன்னொரு பாதி, உறுப்பினர் பட்டியல். யார் குழுவில் இருக்கிறார்கள் என்பதே உடன்பாட்டுக்குரிய செய்தி. பர்மன் குழுவினர் 1987-இல் முன்வைத்த விதி அழகானது: பழைய பட்டியலிலிருந்து புதிய பட்டியலுக்குச் சேர்ந்தே போகும் உறுப்பினர்கள், பழைய பட்டியலின்போது ஒரே செய்திகளைப் பெற்றிருக்க வேண்டும். ஈரோடு செத்த நொடியில் அது அனுப்பிய செய்தி கோவைக்குக் கிடைத்துச் சேலத்துக்குக் கிடைக்காமல் போகலாம். புதிய பட்டியல் அமலாவதற்கு முன் கோவை அதைச் சேலத்துக்குக் கொடுத்துவிடும். லினக்ஸ் கிளஸ்டர்களில் (சேர்ந்து இயங்கும் சர்வர் கூட்டங்களில்) உள்ள கோரோசிங்க் மென்பொருள், டோக்கன் சுற்றி வரும் டோட்டம் நெறிமுறையில் ஓடுகிறது. ஜூகீப்பர் என்ற ஒருங்கிணைப்பு மென்பொருளுக்குள் ஜாப் என்ற முழுவரிசை நெறிமுறை இருக்கிறது. பெயர் மாறிவிட்டது, சரக்கு அதே.

இருப்பு எவ்வளவு என்று படிக்க மட்டும் எந்தச் சர்வரைக் கேட்டாலும் சரிதானே?

பழைய எண் வந்தாலும் பரவாயில்லை என்றால் சரி. விற்க முடிவு செய்யப் படிக்கிறீர்கள் என்றால் சரியில்லை. லீடரைக் கேட்டால்கூட, அது பிளவுபட்டுத் தனியே மாட்டிக்கொண்ட பழைய லீடராக இருக்கலாம். அதனால் ராஃப்டில் லீடர், விடை சொல்வதற்கு முன் பெரும்பான்மையோடு ஒருமுறை பேசித் தன் பதவியை உறுதி செய்துகொள்கிறது. கடிகாரத்தை நம்பி இந்தச் சுற்றை மிச்சப்படுத்தும் வழியும் உண்டு. உங்கள் சர்வர்களின் கடிகாரங்கள் எவ்வளவு விலகும் என்று அளந்து பார்த்தவர்களுக்கு மட்டும்.

ஒரு சர்வர் பொய் சொன்னால்? பிளாக்செயின் வேண்டுமா?

ஆளுக்கொரு மாதிரிப் பேசும் சர்வரைத் தாங்கும் வழியை மார்ஷல் பீஸ், ராபர்ட் ஷோஸ்டாக், லாம்போர்ட் மூவரும் 1980-இல் ஆராய்ந்தார்கள். விமானக் கட்டுப்பாட்டுக் கணினிக்கான வேலையிலிருந்து பிறந்தது அது. 1982-இல் பைசாண்டியத் தளபதிகள் என்ற பெயர் வந்தது. பொய்யர் ஒருவரைத் தாங்க நான்கு பேர் வேண்டும், இருவரைத் தாங்க ஏழு. மிகுவேல் காஸ்ட்ரோவும் லிஸ்கோவும் 1999-இல் இதை நடைமுறை வேகத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

மூன்று சர்வர்களும் ஒரே முதலாளியுடையவை என்றால் பிளாக்செயின் வேண்டாம். ஒருவரை ஒருவர் நம்பாத பல வியாபாரிகள் சேர்ந்து ஒரே பேரேடு வைக்கப்போகிறார்கள் என்றால் பேசலாம். அப்போதும், ஈர மஞ்சளைக் காய்ந்தது என்று ஒருவர் பதிவு செய்தால் எந்த நெறிமுறையும் கண்டுபிடிக்காது.

வேண்டுமென்றே சொல்லாத பொய்களுக்குத் தயாராக இருங்கள். 2020 நவம்பரில் கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தில் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் பாதி பழுதானது. மூன்று சர்வர் கொண்ட கிளஸ்டரில் ஒன்று லீடரோடு பேச முடியவில்லை, இன்னொன்றோடு பேச முடிந்தது. அது திரும்பத் திரும்பத் தேர்தல் நடத்தி எல்லோரையும் நிலைகுலைய வைத்தது. முழுதாகச் செத்திருந்தால் இவ்வளவு தொல்லை இல்லை.

ராஃப்ட் போட்டுவிட்டால் கணக்கு பத்திரம்தானே?

எதற்குப் போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. 2018 அக்டோபரில், நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப்பில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் 43 நொடிகள் இணைப்பு அறுந்தது. யார் தலைமை டேட்டாபேஸ் என்பதை முடிவு செய்யும் மென்பொருள் ராஃப்டில் ஓடியது. அது முறைப்படி மேற்குக் கரைக்குத் தலைமையை மாற்றியது. ஆனால் டேட்டாபேஸின் பதிவுகள் பின்னால் மெதுவாக நகலாகும் வகை. கிழக்கில் எழுதிய சில நொடிப் பதிவுகள் மேற்கில் இல்லை. மேற்கு புதிதாக எழுதத் தொடங்கிவிட்டது. சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது. தலைவர் யார் என்பதில் உடன்பாடு இருந்தது, தரவில் இல்லை.

எப்படிச் சோதிப்பது?

கேபிளைப் பிடுங்குங்கள். ஒரு திசையில் மட்டும் செய்தியைத் தடுத்துப் பாருங்கள். லீடரின் நிரலைக் கொல்லாமல் அரை நிமிடம் உறைய வைத்து விடுவியுங்கள்; அதிகப் பிழைகள் இதில்தான் வெளிவரும். ஹார்ட்டிஸ்க்கை நிரப்புங்கள். கைல் கிங்ஸ்பரியின் ஜெப்சன் சோதனைகள், பெயர்பெற்ற டேட்டாபேஸ்களே இதில் தடுமாறியதைக் காட்டியிருக்கின்றன.

நாமே எழுதலாமா?

படிப்பதற்காக எழுதுங்கள். கிடங்குக்கு எட்சிடி (ராஃப்டில் ஓடும் சிறு டேட்டாபேஸ்) அல்லது ஜூகீப்பர் போதும். அவற்றில் சிறிய, முக்கியமான செய்திகளை மட்டும் வையுங்கள். எட்சிடியின் வழக்கமான கொள்ளளவு வரம்பே 2 ஜிபிதான். மஞ்சள் லாட்டின் புகைப்படங்களுக்கு அது இடமில்லை.

மூன்றில் ஒரு சர்வர் நிரந்தரமாகப் போய்விட்டது. புதியதைச் சேர்த்துவிட்டுப் பழையதை நீக்கலாமா?

தலைகீழாகச் செய்யுங்கள்: முதலில் நீக்குங்கள், பிறகு சேருங்கள். செத்ததை வைத்துக்கொண்டே நான்காவதைச் சேர்த்தால் பெரும்பான்மை மூன்றாகிவிடும். உயிரோடு இருப்பவை இரண்டு. புதியதன் முகவரியில் ஒரு எழுத்து பிழையாக இருந்து அது இணையாமல் போனால் கிளஸ்டர் அப்படியே நின்றுவிடும். பிழையைத் திருத்தும் கட்டளைக்கும் பெரும்பான்மை வேண்டும் என்பதால் அதையும் செய்ய முடியாது. புதிய சர்வர் முழு லாகையும் பெற்றுக்கொள்ளும்வரை ஓட்டுரிமை இல்லாமல் வைத்திருங்கள், எட்சிடியில் 3.4 பதிப்பிலிருந்து இதற்கென்றே தனி உறுப்பினர் நிலை இருக்கிறது.